பதின்மூன்று மாநிலங்களின் கதை
(படிப்பகக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)



இன்று ஒரு புது நாட்டின் கதையைப் பேசப் போகிறோம். அந்த நாடு அந்நிய ஆட்சியை எதிர்த்துப் போரிட்டது. வெற்றி பெற்றது. விடுதலை அடைந்தது. ஆனால் விடுதலைக்குப் பிறகு நாட்டை எப்படி நடத்துவது என்று தெரியாமல் சில ஆண்டுகள் தவித்தது. அதுதான் அமெரிக்கா.

அமெரிக்கா என்றதும் நமக்கு என்ன நினைவுக்கு வருகிறது? பெரும் பணம், பெரும் படை. ஆனால் ஒரு காலத்தில் அந்த நாட்டு அரசிடம் தன் படைவீரனுக்குச் சம்பளம் கொடுக்கவும் பணம் இல்லை. நாட்டில் பணமே இல்லையா? இருந்தது. ஆனால் அதை வரியாக வாங்கும் அதிகாரம் மைய அரசுக்கு இல்லை.

ஏன் அப்படி ஒரு அரசை அமைத்தார்கள்? அதனால் யார் கஷ்டப்பட்டார்கள்? பிறகு எப்படி மாற்றினார்கள்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ராஜா போனார், இன்னொரு ராஜா வேண்டாம்

அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரையில் 13 குடியேற்றங்கள் இருந்தன. அவற்றை இங்கிலாந்து ஆண்டது. இங்கிலாந்தின் பாராளுமன்றம் அந்த மக்கள் மீது வரி போட்டது. தேயிலைக்கு வரி, காகிதத்துக்கு வரி. ஆனால் அந்தப் பாராளுமன்றத்தில் இந்த மக்களுக்கு ஒரு பிரதிநிதிகூட இல்லை. "எங்களைக் கேட்காமல் எங்கள் மீது வரி போட நீங்கள் யார்?" என்று மக்கள் கேட்டார்கள். 1775இல் போர் மூண்டது. 1776 ஜூலை 4 அன்று விடுதலைப் பிரகடனம் வெளியானது. 13 குடியேற்றங்களும் 13 மாநிலங்கள் ஆயின.

போர் நடக்கும்போதே ஒரு கேள்வி எழுந்தது. 13 மாநிலங்களையும் எது ஒன்றாகக் கட்டி வைப்பது? இதற்காக ஒரு ஒப்பந்தம் எழுதினார்கள். ஜான் டிக்கின்சன் என்பவர் முதல் நகலை எழுதினார். 1777 நவம்பரில் எல்லா மாநிலப் பிரதிநிதிகளும் கூடிய சபை அதை ஏற்றது. அந்தச் சபைக்குக் காங்கிரஸ் என்று பெயர். நம் நாட்டுக் கட்சியோடு இதைக் குழப்பிக் கொள்ளக் கூடாது. காங்கிரஸ் என்றால் கூடிப் பேசும் சபை என்று பொருள்.

இந்த ஒப்பந்தத்தைக் 'கூட்டமைப்பு விதிகள்' என்று சொல்லலாம். 13 மாநிலங்களும் ஒப்புக்கொண்டால்தான் அது நடைமுறைக்கு வரும். மேரிலாந்து மாநிலம் மட்டும் நீண்ட நாள் ஒப்புக்கொள்ளவில்லை. வர்ஜீனியா போன்ற பெரிய மாநிலங்கள் மேற்கே கிடந்த பரந்த நிலமெல்லாம் தங்களுடையது என்றன. அந்த உரிமையை விட்டுக் கொடுத்தால்தான் கையெழுத்து என்றது மேரிலாந்து. வர்ஜீனியா விட்டுக் கொடுக்க முன்வந்தது. பிறகே மேரிலாந்து கையெழுத்திட்டது. 1781 மார்ச் 1 அன்று விதிகள் நடைமுறைக்கு வந்தன.

அந்த விதிகள் என்ன சொல்லின?

ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரே ஓட்டு. பெரிய மாநிலமானாலும் சிறிய மாநிலமானாலும் ஒன்றுதான்.

போரும் சமாதானமும் காங்கிரசின் பொறுப்பு. வெளிநாட்டு உறவும் தபாலும் அதன் பொறுப்பு.

முக்கியமான முடிவுக்கு 9 மாநிலங்களின் சம்மதம் வேண்டும். விதிகளைத் திருத்த 13 மாநிலங்களும் சம்மதிக்க வேண்டும்.

நாட்டுக்கு ஆட்சித் தலைவர் இல்லை. மைய அரசுக்கென்று நிலையான நீதிமன்ற அமைப்பு இல்லை. வரி போடும் அதிகாரம் இல்லை. வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரமும் இல்லை.

இப்படி எழுதியவர்கள் அறிவில்லாதவர்கள் அல்லர். அவர்கள் சூடு கண்ட பூனைகள். தொலைவில் இருந்த ஒரு ஆட்சி தங்களைக் கேட்காமல் வரி போட்டதை அவர்கள் அனுபவித்திருந்தார்கள். இன்னொரு ஆட்சியை உருவாக்கி அதே அதிகாரத்தை அதன் கையில் கொடுக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. அந்தப் பயம் நியாயமான பயம். இதை நாம் மறக்கக் கூடாது.

தலைக்கட்டு வரிகூட இல்லை

நம் ஊர்களில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுவார்கள். ஒரு வீட்டுக்காரர் கொடுக்கவில்லை என்றால் ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் போய்க் கேட்பார்கள். கொடுத்துத்தான் ஆக வேண்டும். அமெரிக்கக் காங்கிரசுக்கு அந்த அளவு அதிகாரம்கூட இல்லை. "இவ்வளவு பணம் அனுப்புங்கள்" என்று மாநிலங்களுக்கு எழுதலாம். அனுப்பினால் உண்டு. இல்லாவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. கேட்ட தொகையில் பாதிகூட வந்து சேரவில்லை.

காங்கிரஸ் முதலில் காகிதப் பணம் அச்சடித்தது. பின்னால் தங்கமோ வெள்ளியோ இல்லை. வரி வருமானமும் இல்லை. எனவே அந்தப் பணத்தின் மதிப்பு சரிந்தது. 1780இல் 40 டாலர் காகிதப் பணம் 1 டாலர் வெள்ளிக்குச் சமம் என்று காங்கிரசே அறிவித்தது. அடுத்த ஆண்டு அது வெறும் காகிதம் ஆனது. பிரான்சிடமும் டச்சு வணிகர்களிடமும் கடன் வாங்கினார்கள். 1785இல் பிரான்சுக்கு வட்டி கட்டுவதும் நின்றுபோனது.

சரி, வெளிநாட்டுச் சரக்குக்கு 5 சதவீதம் சுங்க வரி போடலாமா என்று 1781இல் காங்கிரஸ் கேட்டது. 12 மாநிலங்கள் இணங்கின. மிகச் சிறிய மாநிலமான ரோட் ஐலண்டு மறுத்தது. திட்டம் விழுந்தது. 1783இல் மறுபடி கேட்டார்கள். இந்த முறை நியூயார்க் தடுத்தது. அதன் துறைமுகத்துக்கு வரும் சரக்கில் அந்த மாநிலத்துக்கு நல்ல வருமானம். அதை விட மனமில்லை.

ஒருவர் வேண்டாம் என்றால் பன்னிரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். இதுதான் நிலைமை.

போராடியவனுக்குக் கூலி இல்லை

இதனால் முதலில் பாதிக்கப்பட்டவர்கள் படைவீரர்கள். ஏர் பிடித்த கையால் துப்பாக்கி பிடித்தவர்கள் அவர்கள். பல மாதச் சம்பளம் பாக்கி. 1783 மார்ச்சில் நியூபர்க் என்னும் இடத்துப் பாசறையில் அதிகாரிகள் கொதித்தார்கள். காங்கிரசை மிரட்டலாமா என்று பேச்சு எழுந்தது. தளபதி ஜார்ஜ் வாஷிங்டன் அவர்கள் நடுவே வந்தார். ஒரு கடிதத்தைப் படிக்க மூக்குக் கண்ணாடியை எடுத்தார். அவர் கண்ணாடி அணிந்து பலர் பார்த்ததில்லை. இந்தப் பணியிலேயே தலை நரைத்தது, இப்போது பார்வையும் மங்குகிறது என்ற பொருளில் சொன்னார். அதிகாரிகள் கண் கலங்கினார்கள். கலகம் அடங்கியது. ஆனால் சம்பளம் வரவில்லை.

அதே ஆண்டு ஜூன் மாதம் பிலடெல்பியாவில் சில நூறு வீரர்கள் காங்கிரஸ் கூடிய கட்டடத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். கையில் துப்பாக்கி. கேட்டது சம்பளம். காங்கிரசுக்குச் சொந்தக் காவல் இல்லை. "உங்கள் காவல்படையை அனுப்புங்கள்" என்று பென்சில்வேனியா மாநில அரசைக் கேட்டார்கள். மாநில அரசு அனுப்பவில்லை. அதன் தலைவர் யார் தெரியுமா? கூட்டமைப்பு விதிகளின் முதல் நகலை எழுதிய அதே ஜான் டிக்கின்சன்! நாட்டின் மைய சபை ஊரைக் காலி செய்துகொண்டு பிரின்ஸ்டன் என்ற சிற்றூருக்குப் போனது.

வீரர்களுக்குப் பணத்துக்குப் பதில் பத்திரம் கொடுத்தார்கள். பின்னால் பணம் தருவோம் என்ற வாக்குறுதிச் சீட்டு அது. பசித்த வயிறு பின்னால் வரும் பணத்துக்குக் காத்திருக்குமா? மிகக் குறைந்த விலைக்கு வியாபாரிகளிடம் விற்றார்கள். பல ஆண்டுகள் கழித்துப் புது அரசு அந்தப் பத்திரங்களுக்குப் பணம் கொடுத்தது. அப்போது பெரும்பாலான லாபம் வாங்கி வைத்த வியாபாரிகளுக்குப் போனது. போரில் ரத்தம் சிந்தியவனுக்குப் போகவில்லை.

கடலிலும் இதே கதைதான். 1785இல் அல்ஜியர்ஸ் நாட்டுக் கடற்கொள்ளையர் இரண்டு அமெரிக்கக் கப்பல்களைப் பிடித்தார்கள். 21 பேர் சிறைப்பட்டார்கள். மீட்கக் கடற்படை இல்லை. கடைசிப் போர்க்கப்பலையும் அந்த ஆண்டுதான் விற்றிருந்தார்கள். மீட்புப் பணம் கொடுக்கவும் வழியில்லை. சிறையிலேயே சிலர் இறந்தார்கள். உயிரோடு இருந்த பலர் 1796இல்தான் விடுதலை ஆனார்கள்.

விறகுக்கும் கோழிக்கும் வரி

மாநிலங்கள் தங்களுக்குள்ளும் மல்லுக்கு நின்றன. நியூயார்க் நகரத்துக்குப் பக்கத்து மாநிலங்களிலிருந்து படகுகள் வரும். கனெக்டிகட்டிலிருந்து விறகு வரும். நியூஜெர்சியிலிருந்து வெண்ணெய், கோழி, காய்கறி வரும். இந்தப் படகுகள் மீது நியூயார்க் கட்டணம் விதித்தது. நியூஜெர்சிக்குக் கோபம். அதன் கடற்கரையில் நியூயார்க்கின் கலங்கரை விளக்கம் ஒன்று இருந்தது. அந்த விளக்கத்தின் மீது நியூஜெர்சி வரி போட்டுப் பழி தீர்த்தது.

சிரிப்பாக இருக்கிறது அல்லவா? படகில் கோழி கொண்டுவந்த விவசாயிக்கு அது சிரிப்பாக இருந்திருக்காது. ஒரே நாட்டுக்குள் விற்கப் போனாலும் அந்நியன் போல வரி கட்ட வேண்டும்.

இங்கிலாந்து இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. 1783இல் சமாதான உடன்படிக்கை ஆகியும் மேற்கே இருந்த சில கோட்டைகளைக் காலி செய்யவில்லை. "எங்கள் வணிகர்களுக்குச் சேர வேண்டிய கடனை உங்கள் மாநிலங்கள் வசூலிக்க விடவில்லையே" என்று காரணம் சொன்னது. மாநிலங்களை அதற்குக் கட்டாயப்படுத்தக் காங்கிரசால் முடியவில்லை.

விவசாயிகள் எழுந்தார்கள்

இப்போது இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். மாநில அரசு பக்கத்தில் இருப்பதாலேயே ஏழைக்கு நல்லதாக இருந்துவிடுமா? மாசசூசெட்ஸ் மாநிலத்தைப் பாருங்கள். போர்க் கடனை அடைக்க அந்த மாநில அரசு கடுமையான வரி போட்டது. அதை வெள்ளி நாணயமாகக் கட்டச் சொன்னது. கிராமத்து விவசாயிக்கு வெள்ளி எங்கே கிடைக்கும்? தானியம் உண்டு, மாடு உண்டு, நாணயம் இல்லை. கடன்காரர் வழக்குப் போட்டார்கள். நிலம் ஏலம் போனது. கடன் கட்டாதவரைச் சிறையில் அடைத்தார்கள்.

1786இல் விவசாயிகள் திரண்டார்கள். நீதிமன்றங்களைக் கூட விடாமல் தடுத்தார்கள். நீதிமன்றம் கூடாவிட்டால் ஏலத் தீர்ப்பு வராது அல்லவா! அவர்களின் தலைவர்களில் ஒருவர் டேனியல் ஷேஸ். விடுதலைப் போரில் கேப்டனாக இருந்தவர். போரில் பரிசாகக் கிடைத்த வாளைக்கூட வறுமையால் விற்றவர். 1787 ஜனவரியில் ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதக் கிடங்கை நோக்கி அவர்கள் நடந்தார்கள். பீரங்கி வெடித்தது. நான்கு பேர் மாண்டார்கள். கூட்டம் சிதறியது.

கலகத்தை அடக்கக் காங்கிரசால் படை திரட்ட முடியவில்லை. பாஸ்டன் நகரத்துப் பணக்காரர்கள் பணம் போட்டு மாநிலப் படையை நடத்தினார்கள். பணம் போட்டவர் யார் பக்கம் நிற்பார் என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. அந்த ஆண்டுத் தேர்தலில் மாசசூசெட்ஸ் ஆளுநர் தோற்றார். புதிய சட்டமன்றம் வரிச்சுமையைக் குறைத்தது. ஷேஸ் 1788இல் மன்னிப்புப் பெற்றார். துப்பாக்கியால் ஆகாத காரியம் ஓட்டுச் சீட்டால் ஓரளவு ஆனது.

பள்ளிக்கு ஒரு பங்கு நிலம்

இந்த பலவீனமான அரசு நல்லது எதுவுமே செய்யவில்லையா? செய்தது. 1785இல் மேற்குப் பகுதி நிலங்களை அளக்க ஒரு சட்டம் செய்தார்கள். நிலத்தைச் சதுரச் சதுரமாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு சதுரத்தையும் 36 பங்காக்கினார்கள். அதில் 16ஆம் பங்கு பொதுப் பள்ளிக்கு என்று ஒதுக்கினார்கள். ஊர் உருவாகும் முன்பே பள்ளிக்கு இடம்! 1787இல் இன்னொரு சட்டம் வந்தது. ஓஹியோ ஆற்றுக்கு வடக்கே அடிமை முறை கூடாது என்றது. அங்கே உருவாகும் புது மாநிலங்களுக்குப் பழைய மாநிலங்களோடு சம உரிமை என்றது. ஆனால் அந்த மண்ணில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பழங்குடி மக்களின் சம்மதம் இல்லாமலே பல திட்டங்கள் நடந்தன. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

புதிய சட்டம்

1786 செப்டம்பரில் வணிகச் சண்டைகளைப் பேசித் தீர்க்க அன்னாபோலிஸ் நகரில் ஒரு கூட்டம் நடந்தது. 5 மாநிலங்கள்தான் வந்தன. வந்தவர்கள் ஒரு முடிவு செய்தார்கள். எல்லா மாநிலங்களும் கூடி அமைப்பையே சரி செய்ய வேண்டும் என்றார்கள்.

1787 மே மாதம் பிலடெல்பியாவில் கூடினார்கள். 12 மாநிலங்களிலிருந்து 55 பேர் வந்தார்கள். ரோட் ஐலண்டு வரவில்லை. வாஷிங்டன் தலைமை ஏற்றார். நான்கு மாதங்கள் ரகசியமாகப் பேசினார்கள்.

பெரிய சண்டை இதுதான். மக்கள்தொகைப்படி இடம் வேண்டும் என்றன பெரிய மாநிலங்கள். சமமாக வேண்டும் என்றன சிறிய மாநிலங்கள். முடிவில் இரண்டு சபைகள் அமைத்தார்கள். ஒன்றில் மக்கள்தொகைப்படி இடம். இன்னொன்றில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் இரண்டு இடம். மைய அரசுக்கு வரி போடும் அதிகாரம் வந்தது. மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் வந்தது. குடியரசுத் தலைவரும் உச்ச நீதிமன்றமும் வந்தன.

இன்னொரு உடன்பாடும் ஆனது. அது வெட்கக்கேடானது. பிரதிநிதிகளின் எண்ணிக்கையைக் கணக்கிட ஐந்து அடிமைகளை மூன்று பேராக எண்ணினார்கள். அடிமைக்கு ஓட்டு இல்லை. ஆனால் அவர் தலையை எண்ணி எஜமானரின் மாநிலத்துக்கு அதிக இடம்! பெண்கள் ஒருவர்கூட அந்தச் சபையில் இல்லை. ஆட்சி அமைப்பைச் சரி செய்தார்கள். அநியாயத்தை அப்படியே விட்டார்கள். அடிமை முறை ஒழிய ஒரு பெரிய உள்நாட்டுப் போர் நடக்க வேண்டி வந்தது. 1865இல்தான் அது ஒழிந்தது.

இந்த முறை 13 மாநிலங்களின் சம்மதமும் வேண்டும் என்று வைக்கவில்லை. 9 போதும் என்றார்கள். ஊர் ஊராக விவாதம் நடந்தது. "மறுபடி ராஜா ஆட்சியா?" என்று பலர் எதிர்த்தார்கள். வர்ஜீனியாவில் பேட்ரிக் ஹென்றி கடுமையாக எதிர்த்தார். மாசசூசெட்சில் ஆதரவு 187, எதிர்ப்பு 168. நியூயார்க்கில் 30க்கு 27. 1788 ஜூன் 21 அன்று ஒன்பதாவது மாநிலமான நியூ ஹாம்ஷயர் ஏற்றது. 1789 ஏப்ரல் 30 அன்று வாஷிங்டன் முதல் குடியரசுத் தலைவராகப் பதவி ஏற்றார். ரோட் ஐலண்டு 1790இல் இரண்டு ஓட்டு வித்தியாசத்தில் கடைசியாக வந்து சேர்ந்தது.

எதிர்த்தவர்கள் தோற்றார்கள். ஆனால் வீண் போகவில்லை. அவர்கள் வற்புறுத்தியதால்தான் 1791இல் உரிமைச் சட்டத் திருத்தங்கள் வந்தன. பேச்சுரிமை, எழுத்துரிமை, மத உரிமை எல்லாம் அதில் எழுதப்பட்டன. மைய அரசுக்குக் கொடுக்காத அதிகாரம் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியது என்றும் எழுதினார்கள்.

நம் நாட்டில்

நம் நாடும் ஒரு முறை இந்த வழியின் ஓரத்துக்குப் போனது. 1946இல் பிரிட்டிஷ் அமைச்சரவைத் தூதுக்குழு ஒரு திட்டம் தந்தது. பாதுகாப்பு, வெளியுறவு, போக்குவரத்துத் தொடர்பு ஆகியவை மட்டும் மைய அரசுக்கு என்றது. மற்றவை மாகாணங்களுக்கு. நாட்டைப் பிரிக்காமல் இருக்க அது ஒரு வழி என்று கருதப்பட்டது. அது நடக்கவில்லை. 1947 ஜூனில் பிரிவினை உறுதியானது. கலவரமும் அகதிகளும் பெருகிய நேரம். அரசியல் நிர்ணய சபை வலுவான மைய அரசு வேண்டும் என்று முடிவு செய்தது.

நம் அரசியல் சட்டத்தில் மூன்று பட்டியல்கள் உள்ளன. ஒன்று மத்திய அரசுக்கு. ஒன்று மாநிலத்துக்கு. ஒன்று இருவருக்கும் பொது. காவல்துறை, பொது சுகாதாரம், விவசாயம் மாநிலத்திடம் உள்ளன. கல்வி முன்பு மாநிலப் பட்டியலில் இருந்தது. 1976இல் பொதுப் பட்டியலுக்குப் போனது. வரியை எப்படிப் பகிர்வது என்று சொல்ல நிதிக்குழு உண்டு. 2017இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தது. அதற்காக மத்திய அரசும் மாநிலங்களும் சேர்ந்து உட்காரும் ஒரு மன்றம் அமைந்தது.

நம் நாட்டில் மாநிலங்களின் புகார் வேறு விதமானது. வரி வருமானத்தில் எங்களுக்குப் பங்கு குறைவு என்கிறார்கள். தேர்ந்தெடுத்த மாநில ஆட்சியைக் கலைத்துவிடுகிறார்கள் என்று பலமுறை புகார் எழுந்தது. 1994இல் பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படி எளிதாகக் கலைப்பதற்குக் கட்டுப்பாடு விதித்தது. அதாவது, மையம் பலவீனமானால் ஒரு வகைத் துன்பம். மையம் அளவுக்கு மீறினால் இன்னொரு வகைத் துன்பம்.

அமெரிக்கப் படைவீரன் மைய அரசு பலவீனமாக இருந்ததால் கூலி இழந்தான். மாசசூசெட்ஸ் விவசாயி பக்கத்தில் இருந்த மாநில அரசாலேயே நிலம் இழந்தான். அடிமைகளின் நிலையோ எந்த அரசு வலுத்தாலும் அப்போது மாறவில்லை. ஆகவே அதிகாரம் டெல்லியில் இருக்கிறதா, மாநிலத் தலைநகரில் இருக்கிறதா, பஞ்சாயத்தில் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. அந்த அதிகாரத்திடம் கணக்குக் கேட்க நமக்கு வழி இருக்கிறதா என்பது இன்னொரு கேள்வி. இரண்டையும் சேர்த்தே கேட்க வேண்டும். கேட்பதற்குப் படிப்பு வேண்டும். சட்டம் தெரிய வேண்டும். கிராம சபையில் போய் உட்கார வேண்டும்.



கலந்து பேசுவோம்

1. உங்கள் ஊரில் எல்லோரும் சம்மதித்தால்தான் ஒரு வேலை நடக்கும் என்று வைத்தால் என்ன ஆகும்? பெரும்பான்மை போதும் என்று வைத்தால் சிறுபான்மையினருக்கு என்ன பாதுகாப்பு?

2. நீங்கள் கடையில் பொருள் வாங்கும்போது வரி கட்டுகிறீர்களா? அது யாருக்குப் போகிறது? ரசீதைப் பார்த்துச் சொல்லுங்கள்.

3. சாலை, பள்ளி, ரேஷன் கடை, தபால் நிலையம், ரயில். இவற்றில் எது மத்திய அரசின் பொறுப்பு? எது மாநில அரசின் பொறுப்பு? எது பஞ்சாயத்தின் பொறுப்பு?

4. படைவீரர்களின் பத்திரங்களைக் குறைந்த விலைக்கு வாங்கியவர்களுக்கு முழுப் பணமும் கொடுத்தது சரியா?